சாம்பல் நிறத்தில் மூன்று ஏரிகள்

ஓரகடத்தில் எங்கள் தொழிற்சாலை வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே முழங்கால் வரை நனைந்துவிட்டேன். குடை காற்றில் பின்பக்கமாகத் திரும்பிக்கொண்டது. வங்கக் கடலில் தாழ்வு மண்டலம், இரண்டு நாளாக விடாத மழை. செருப்பு சளக் சளக்கென்று சத்தம் போட, கார்டைத் தேய்த்துவிட்டு உள்ளே போனேன்.

கார் உதிரி பாகங்கள் செய்யும் கம்பெனி அது. நான் தரப் பிரிவில் இருந்தேன். எந்த லைனில் எத்தனை பாகம் கழிந்தது, ஏன் கழிந்தது என்று ஒவ்வொரு வாரமும் வரைபடம் போட்டுக் கொடுப்பது என் வேலை. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து ஸ்ரீபெரும்புதூரில் அறை எடுத்துத் தங்கி, இந்த வரைபடங்களோடு சில வருடங்கள் ஓடியிருந்தன. என் வேலைக்கும் மழைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

துப்பட்டாவைப் பிழிந்து நாற்காலியில் போட்டபோது நிர்வாக மேலாளர் வந்து நின்றார். பேன்ட்டைக் கணுக்காலுக்கு மேல் மடித்துவிட்டிருந்தார். கையில் செல்போன், முகத்தில் தூக்கமில்லாத வீக்கம்.

"மா, ஒரு டேஷ்போர்டு வேணும்."

"எந்த லைனுக்கு சார்?"

"லைனுக்கு இல்ல. ஏரிக்கு."

நான் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன். அவர் விளக்கினார். இரண்டாம் ஷிஃப்ட்டை ஓட்டலாமா வேண்டாமா என்று வடக்கே இருக்கும் தலைமை அலுவலகம் முடிவு செய்யப் போகிறது. மதியம் பன்னிரண்டு மணிக்கு ஆன்லைனில் மீட்டிங். எந்தெந்த பஸ் ரூட்டில் எந்தெந்த ஏரி நிரம்பியிருக்கிறது, எங்கே ஆபத்து என்று ஒரே திரையில் பார்க்கவேண்டுமாம்.

"ஏரி கணக்கு எங்க சார் இருக்கு?"

"கவர்மென்ட்டு தெனமும் போடறாங்களே, பப்ளிக் டேட்டாதான? எடுத்துப் போட்டா முடிஞ்சுது. ரெட், க்ரீன் வெச்சு அழகா பண்ணிடு. உன் கைல எவ்ளோ நேரம் ஆவப்போவுது?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் போய்விட்டார்.

எடுத்துப் போட்டால் முடிந்தது. அந்த வாக்கியத்தைச் சொன்னவர்கள் யாரும் எதையும் எடுத்துப் பார்த்ததில்லை. ஏரிகளின் நிலவரம் அவருடைய வாட்ஸாப்பில்தான் வந்திருந்தது. யாரோ காகிதத்தில் அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, அதை ஸ்கேன் செய்திருந்தார்கள். ஸ்கேன் செய்யும்போது காகிதம் கோணலாக இருந்திருக்கிறது. வலது ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. முத்திரை சரியாக நான்கு ஏரிகளின் மேல் விழுந்திருந்தது. மென்பொருள் வைத்துப் படத்திலிருந்து எழுத்தை எடுக்கப் பார்த்தேன். கட்டங்களின் கோடுகளையெல்லாம் அது ஒன்று ஒன்று என்று எண்ணாகப் படித்துக் கொடுத்தது. ஒரு சின்ன ஏரியின் கொள்ளளவு இந்து மகாசமுத்திரத்தை மிஞ்சியது.

முந்தின வாரத்துக் கோப்பு ஒன்று கணினிக் கோப்பாகவே கிடைத்தது. ஆசையாகத் திறந்தேன். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது. என் கணினியில் அந்த எழுத்துரு இல்லாததால் ஊர்ப் பெயர்களுக்குப் பதிலாக அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் சதவீதக் குறியும் குப்பைபோலக் கொட்டிக் கிடந்தன.

ஸ்கேன் தாளின் அடியில் ஏரி அலுவலகத்தின் தொலைபேசி எண் இருந்தது. கூப்பிட்டேன். முதல் மணியிலேயே ஒரு பெண் எடுத்தார்.

"சொல்லுங்க, எந்த ஊரு? கரை ஒடஞ்சிருச்சா?"

"இல்லீங்க மேடம், ஒடையல..."

"ஏரி ரொம்பி கலங்கல் வழியா தண்ணி வெளிய போவுதா?"

"அதெல்லாம் இல்லீங்க. நீங்க தெனமும் போடற ஏரி லிஸ்ட் எக்செல்லா கெடைக்குமான்னு கேக்கலாம்னு..."

பின்னால் இன்னும் இரண்டு தொலைபேசிகள் அடித்துக்கொண்டிருந்தது மட்டும் கேட்டது.

"எக்செல்லா?" என்றார் கடைசியில்.

"ஆமாங்க."

"மதகு தூக்கல, கரை கசியுதுன்னு காலைலேர்ந்து ஃபோன கீழ வெக்க வுடல. நீ எக்செல் கேக்கற." பெருமூச்சு விட்டார். "மெயில் ஐடிய மெசேஜ் பண்ணு. முடிஞ்சா பாக்கறேன்." வைத்துவிட்டார்.

எனக்கு ஒரே நேரத்தில் வெட்கமாகவும் கோபமாகவும் இருந்தது. கோபம் அந்த அம்மாள் மேல் இல்லை. யார் மேல் என்று யோசிக்கவும் நேரமில்லை. மெயில் முகவரியை அனுப்பிவிட்டு, ஸ்கேன் தாளைத் திரையில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஏரியாகக் கையாலேயே தட்டச்சு செய்ய ஆரம்பித்தேன்.

அடுத்த தொல்லை பெயர்கள். எங்கள் பக்கத்தில் கண்மாய்க்கு ஊர்ப் பெயரே பெயர். இங்கேயோ ஊருக்கு ஊர் ஒரு பெரிய ஏரி, ஒரு சித்தேரி. பட்டியலில் 'பெரிய ஏரி' என்று மட்டும் போட்டுப் பக்கத்தில் ஊர்ப் பெயரைச் சுருக்கி எழுதியிருந்தார்கள். ஏரிகளின் இருப்பிடங்களை யாரோ தொகுத்து இணையத்தில் போட்டிருந்த இன்னொரு பட்டியலில் அதே ஊர்கள் ஆங்கிலத்தில் இருந்தன. பிள்ளைப்பாக்கத்துக்கு மட்டும் எத்தனை விதமான எழுத்துக்கூட்டல்! ஒரு எல், இரண்டு எல், ஒரு பி, இரண்டு பி, நடுவில் ஓர் இடைவெளி. கணினிக்கு அவை எல்லாம் வேறு வேறு ஊர். இரண்டு பட்டியலையும் சேர்த்தால் பாதி ஏரி காணாமல் போனது, மீதி ஏரி இரட்டிப்பானது.

பஸ் ரூட் விவரத்துக்குப் போக்குவரத்துப் பொறுப்பாளரைக் கூப்பிட்டேன். பிள்ளைப்பாக்கத்துக்காரர், ஐம்பதை நெருங்கியவர். எங்கள் கம்பெனி பஸ்கள் எல்லாம் அவர் கையில். எக்செல் கோப்பைக் கொண்டுவந்து கொடுத்து, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோப்பைத் திறந்தால் திருவிழாக் கடை மாதிரி இருந்தது. கட்டங்களை ஒன்றாகச் சேர்த்து, நடுவில் தலைப்பு வைத்து, மஞ்சளும் நீலமும் ரோஸும் அடித்திருந்தார்.

"அண்ணே, மஞ்சள்னா என்ன?"

"அது காண்ட்ராக்ட் வண்டிமா."

"நீலம்?"

யோசித்தார். "அது சும்மா, பாக்க நல்லாக்கீதேன்னு போட்டதுமா."

சிரிக்கும் நிலையில் நான் இல்லை. எல்லா நிறத்தையும் அழித்தேன். அவருக்கு மனது கஷ்டமாக இருந்திருக்கும். ஆனாலும் எந்த ஏரி எந்த ரூட்டின் ஓரத்தில் வருகிறது என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். வாலாஜாபாத் ரூட் வந்ததும் கையை வீசினார்.

"அத வுடுமா. அந்த ரோட்ல தண்ணியே நிக்காது. நான் பொறந்ததுலேர்ந்து பாத்ததில்ல. தூரம் வேற, அந்த வண்டிய இப்பவே அனுப்பிச்சிடறேன். இல்லன்னா ஆளுங்க ரெண்டாவது ஷிஃப்ட்டுக்கு வந்து சேர மாட்டாங்க."

போனில் டிரைவரை அழைத்துச் சொல்லியும்விட்டார். அதைப் பற்றி நான் ஒன்றும் யோசிக்கவில்லை. என் கவலையெல்லாம் திரையில் இருந்தது.

ஒருவழியாகப் பெயர்களைப் பொருத்தி, வரைபடத்தை வரச் சொன்னேன். சக்கரம் சுற்றியது. படம் வந்தது. வெள்ளை. முழு வெள்ளை. அதற்கு நடுவே எங்கள் ஏரிகள் கொத்தாகப் புள்ளி புள்ளியாக உட்கார்ந்திருந்தன. படத்தைச் சுருக்கிப் பார்த்தேன். நார்வேக்கும் மேலே, வடதுருவத்துக்குப் பக்கத்தில் ஒரு பனித்தீவு.

பொறுப்பாளர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரையருகே குனிந்தார். "இன்னாம்மா இது, நம்ம ஊரு ஏரியெல்லாம் ஐஸ்ல கீது?"

இணையத்தில் எடுத்த பட்டியலில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தலைப்பு மாறியிருந்தன. மாற்றிப் போட்டேன். ஏரிகள் கிடுகிடுவெனக் கீழே இறங்கி ஸ்ரீபெரும்புதூருக்கு வந்து சேர்ந்தன. ஜன்னலுக்கு வெளியே மழை இன்னும் வலுத்திருந்தது. பார்க்கிங்கில் நின்ற பைக்குகளின் சக்கரம் பாதி தண்ணீருக்குள் இருந்தது.

அப்போதுதான் மேலாளர் திரும்பி வந்தார். நின்றபடியே பார்த்தார்.

"லோகோ எங்க?"

"வெச்சிடறேன் சார்."

"லெஃப்ட்ல வை. அப்பறம் இது என்ன, ஒரே வட்ட வட்டமா இருக்கு? டேஷ்போர்டுன்னா ஸ்பீடோமீட்டர் இருக்கணும்மா. முள்ளு ஆடணும். நாம கார் கம்பெனிக்கு சப்ளை பண்றவங்க."

"சார், ஏரிக்கு முள்ளு எதுக்கு? நெறைஞ்சிருக்கா இல்லையான்னு தெரிஞ்சாப் போதுமே."

"சரி, விடு. மேல 'லைவ்'னு போடு."

"இது லைவ் இல்ல சார். காலைல ஆறு மணிக்கு அளந்தது. அதுக்கப்பறம் விடாம பெய்யுது."

"தெரியும்மா. அவங்களுக்கு லைவ்னாதான் புரியும்."

"போட மாட்டேன் சார்."

சொன்ன பிறகுதான் எவ்வளவு கூர்மையாகச் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தது. பொறுப்பாளர் தன் செல்போனை அக்கறையாகத் துடைக்க ஆரம்பித்தார். மேலாளர் என்னைப் பார்த்தார். "சரி, காலை நிலவரம்னு சின்னதா கீழ போடு" என்றார். நான் மேலே, பெரிதாகப் போட்டேன்.

"இது என்ன மூணு ஏரி மட்டும் சாம்பல் கலர்ல? சொவத்துக்கு சிமென்ட் பூசிட்டு வெள்ளையடிக்காம விட்ட மாதிரி இருக்கு."

"அந்த மூணுக்கும் அளவு வரல சார். கட்டம் காலியா இருக்கு."

"காலின்னா பிரச்சினை இல்லன்னு அர்த்தம். பிரச்சினை இருந்தா எழுதியிருப்பாங்கள்ல? பச்சை போட்டுடு."

"சார், தெரியலைங்கறதும் நல்லாயிருக்குங்கறதும் ஒண்ணா?"

"உனக்கு எல்லாத்துக்கும் வாதம்" என்றார். மணியைப் பார்த்தார். மாற்றச் சொல்ல நேரமில்லை. மடிக்கணினியை அப்படியே தூக்கிக்கொண்டு மீட்டிங் அறைக்கு நடந்தார். நானும் பொறுப்பாளரும் வால்போல் பின்னால் போனோம். காலையிலிருந்து ஒரு வாய் டீகூடக் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மீட்டிங்கில் தலைமை அலுவலகத்து அதிகாரி ஒருவர் ஆங்கிலத்தில் பேசினார். அவர் முகம் தெரியவில்லை, கேமராவை அணைத்து வைத்திருந்தார். அவர் இருந்த ஊரில் வெயிலடித்திருக்கவேண்டும், குரல் அவ்வளவு காய்ந்து இருந்தது. வரைபடத்தைப் பார்த்து, அற்புதம் என்றார். பிறகு சிவப்பு வட்டங்களை எண்ண ஆரம்பித்தார். சிவப்பு கொஞ்சம்தான், பச்சைதானே அதிகம் என்றார். காலையில் அளந்தது, இப்போது நிலைமை மாறியிருக்கும் என்று நான் குறுக்கே சொன்னேன். நன்றி என்று சொல்லிவிட்டு, சாம்பல் நிறம் எதைக் குறிக்கிறது என்று கேட்டார்.

"தகவல் இல்லை, சார்."

"அப்படியானால் அங்கே ஒன்றும் இல்லை. நல்லது. ஷிஃப்ட்டை ஓட்டலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது."

காலை முழுவதும் உட்கார்ந்து, ஏரி ஏரியாகத் தட்டச்சு செய்து, துருவத்திலிருந்து மீட்டு வந்து, கடைசியில் மழையில் ஆட்களை வேலைக்குக் கூப்பிடுவதற்கு நானே அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டேனா? இதற்கு எதுவுமே செய்யாமல் சும்மா இருந்திருக்கலாமே. தகவல் இல்லை என்றால் பிரச்சினை இல்லை என்று அர்த்தமில்லை என்று மறுபடி சொன்னேன். என் ஆங்கிலம் அந்த நேரத்தில் உடைந்து உடைந்து வந்தது. அவர் ம், ம் என்று கேட்டுக்கொண்டார்.

அப்போது பொறுப்பாளரின் செல்போன் அடித்தது. அறைக்கு வெளியே போகக்கூட மறந்து, அங்கேயே எடுத்தார். வாலாஜாபாத் ரூட் டிரைவர். ஸ்பீக்கர் போடாமலே எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினார்.

"ண்ணா, வண்டி நின்னுச்சுண்ணா! படிக்கு மேல தண்ணி வந்துகினு கீது. உள்ள லேடீஸ் கீறாங்கண்ணா, இன்னா பண்ண சொல்ற?"

பொறுப்பாளரின் முகம் வெளுத்துவிட்டது. "எங்கடா? அந்த ரோட்லயா? அங்க எப்பிடிரா தண்ணி?"

"புச்சா குடோனு கட்றாங்கள்ல, அதான்ண்ணா. கால்வாய மண்ணு கொட்டி மூடி வெச்சிகிறானுங்க. தண்ணி மொத்தமா ரோட்டுக்கு வந்துச்சு."

டிரைவர் ஒரு படம் அனுப்பினார். பொறுப்பாளர் மேலாளரிடம் நீட்டினார். பஸ்ஸின் முன்கண்ணாடி வழியே எடுத்தது. வைப்பருக்கு அப்பால் சாலையே இல்லை. பழுப்புத் தண்ணீர், அதில் ஒரு பிளாஸ்டிக் டிரம் மிதந்து வந்துகொண்டிருந்தது.

மேலாளர் அந்தப் படத்தைப் பார்த்தார். பிறகு அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. தலைமை அலுவலகத்து அதிகாரி இன்னும் பேசிக்கொண்டிருந்தார். அவர் முடிக்கும் வரை காத்திருக்காமல் மைக்கை ஆன் செய்து, இரண்டாம் ஷிஃப்ட் கிடையாது, முதல் ஷிஃப்ட்டையும் இப்போதே விடுகிறேன், கேள்வி இருந்தால் நாளைக்கு என்னைக் கேளுங்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லி, இணைப்பைத் துண்டித்தார். லோகோவுக்கும் முள்ளுக்கும் காலையிலிருந்து என் உயிரை எடுத்த அதே மனிதர்தான்.

"டிராக்டர் எங்க கிடைக்கும், பாருங்க" என்றார் பொறுப்பாளரிடம். "மொதல்ல பொண்ணுங்கள எறக்கணும்."

அந்த ஊர்க்காரர்கள் அதற்குள் ஒரு டிராக்டரைக் கொண்டுவந்திருந்தார்கள். பஸ்ஸுக்குள் இருந்தவர்களை டிராக்டர் டிரெய்லரில் ஏற்றி மேட்டில் இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் கொண்டு விட்டார்கள். எல்லோரும் இறங்கிவிட்டார்கள் என்று டிரைவர் சொல்லும் வரை பொறுப்பாளர் நாற்காலியில் உட்காரவே இல்லை. ஜன்னலோரம் நின்று, "அங்க தண்ணி நான் பாத்ததே இல்லம்மா" என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். நானும் குடித்தேன்.

முதல் ஷிஃப்ட் ஆட்கள் லைனை நிறுத்திவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தபோது என் கணினியில் மெயில் வந்த சத்தம் கேட்டது. ஏரி அலுவலகத்து அம்மாள். இணைப்பில் ஒரு எக்செல் கோப்பு. திறந்தேன். ஊர்ப் பெயர்கள் முழுதாக, எந்தக் கணினியிலும் தெரிகிற யுனிகோடில். ஒவ்வொரு ஏரிக்கும் தனி எண். இருப்பிடம் அட்சரேகை, தீர்க்கரேகையோடு, சரியான தலைப்பின் கீழ். வெட்டிப்போன வலது ஓரமும் இருந்தது. பொருத்துவதற்கு ஒன்றுமே இல்லை. உண்மையிலேயே எடுத்துப் போட்டால் முடிந்துவிடும். மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். அழுகையா சிரிப்பா என்று பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரிந்திருக்காது, எனக்கே தெரியவில்லை.

நன்றி சொல்ல அவரைக் கூப்பிட்டேன். இந்த முறை குரல் சற்றுத் தணிந்திருந்தது.

"எங்களுது எல்லாமே எக்செல்தான்மா" என்றார். "மேல போனாதான் பிரின்ட் எடுப்பாங்க, கையெழுத்து போடுவாங்க, அத ஸ்கேன் பண்ணி அனுப்புவாங்க. நாங்க இன்னா பண்றது?"

"மேடம், ஒண்ணு கேக்கணும். மூணு ஏரிக்கு மட்டும் அளவு போடலியே, ஏன்?"

"போய்ப் பாக்க வழியில்லம்மா. அளவெடுக்கறவரு காலைல வண்டிய எடுத்துகினு போனாரு. ரோடு முழுகிக்கெடக்குன்னு திரும்பி வந்துட்டாரு. அளக்காம நான் எதப் போட?"

எந்த ரோடு என்று கேட்டேன். மூன்றில் ஒன்று, பஸ் நின்றுபோன அதே ரோடு.

செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். மேலாளர் பச்சை அடிக்கச் சொன்ன இடம். தலைமை அலுவலகத்து அதிகாரி நல்லது என்று சொன்ன இடம். சாம்பலாக விட்டேனே தவிர, ஏன் காலியாக இருக்கிறது என்று காலையில் அந்த அம்மாளிடமே கேட்க எனக்கும் தோன்றவில்லை. எக்செல்தான் கேட்டேன்.

மேலாளரிடம் போய்ச் சொன்னேன். கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தவர் நின்றார். "அப்போ அது சாம்பல்கூட இல்ல, செவப்பு" என்றார். பிறகு, "வா, பஸ் போயிடப்போவுது" என்றார்.

ஸ்ரீபெரும்புதூர் பஸ் அன்று ஊர்ந்து ஊர்ந்து போனது. தூத்துக்குடி, விருதுநகர்ப் பக்கத்துப் பெண்கள் ஜன்னலில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வீடியோ எடுத்து அனுப்பினார்கள். எதிர்பாராமல் கிடைத்த அரை நாள் லீவில் ஒரே கும்மாளம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூடினாலும் பச்சை வட்டங்களே தெரிந்தன.

இரண்டு நாளில் மழை விட்டது. தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டு வந்தது. மேலாளர் எடுத்த முடிவைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. டேஷ்போர்டு மிக நன்றாக இருந்தது, எல்லா ஊர்த் தொழிற்சாலைகளுக்கும் இதேபோல வேண்டும், ஸ்பீடோமீட்டர் சேர்த்தால் இன்னும் சிறப்பு என்று எழுதியிருந்தார்கள். மேலாளர் அதை எனக்கு அனுப்பி, மேலே 'ப்ளீஸ் டூ தி நீட்ஃபுல்' என்று மட்டும் போட்டிருந்தார்.

அந்த மழைக்காலம் முழுவதும் தினமும் காலையில் அதைப் புதுப்பிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஏரி அலுவலகத்து அம்மாள் எக்செல்லை நேராக எனக்கே அனுப்பிவிடுவார். நான் கூப்பிட்டு, காலியாக இருக்கும் கட்டங்களுக்கு மட்டும் காரணம் கேட்டு எழுதிக்கொள்வேன். அவரை நான் பார்த்ததே இல்லை. ஒருநாள் அளவுகோலைப் பாசி மூடிவிட்டது என்பார், ஒருநாள் அளவெடுப்பவருக்குக் காய்ச்சல் என்பார். முதல் வாரம் எல்லாம் ஒழுங்காக ஓடியது. எனக்குக்கூட லேசாகப் பெருமை வந்தது.

அடுத்த திங்கட்கிழமை காலை திறந்தால் வரைபடத்தில் ஒரு ஏரிகூட இல்லை. பதறிப்போய்க் கோப்பைப் பார்த்தேன். பத்திகளெல்லாம் இடம் மாறி, நடுவில் புதிதாக இரண்டு சேர்ந்து, ஊர்ப் பெயர்கள் சுருக்கப்பட்டிருந்தன.

"மேடம், லிஸ்ட்டையே மாத்திட்டீங்களே!" என்றேன், குரல் உடைந்து.

"நான் எங்கம்மா மாத்தனேன்?" என்றார் அவர், என்னைவிட எரிச்சலாக. "மேல யாரோ டேஷ்போர்டு பண்றாங்களாம். அவங்களுக்கு இப்டிதான் வேணும்னு ஆர்டர் வந்துகீது. ரெண்டு நாளா அத மாத்தி மாத்தி எனக்குக் கண்ணே போயிடுச்சு. பழைய மாதிரி ஒண்ணு வேணும்னா சொல்லு, தனியா போட்டு அனுப்பறேன்."

"வேண்டாம் மேடம்" என்றேன். "நீங்க தூங்குங்க. நான் பாத்துக்கறேன்."

வைத்துவிட்டு, பெயர்களை மறுபடி பொருத்த, பிள்ளைப்பாக்கத்தில் ஆரம்பித்தேன்.